யூஎஸ்பியில் போட்ட பழைய டிஸ்க், எல்விஎம், பாட்டியின் பாட்டுகள்: உதவி வேண்டும்

தேயிலைமேடு (கோத்தகிரி):
வணக்கம். இந்த ஜூலை மழையில் என் பழைய லேப்டாப் போர்டு போயிடுச்சு. திறந்து பார்த்தா ஸ்க்ரூவெல்லாம் துரு. டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டுப் புது லேப்டாப்பில் செருகினேன். ரெண்டுலயும் உபுண்டு லினக்ஸ்தான். டிஸ்க் லிஸ்ட் காட்டுற எல்எஸ்பிஎல்கே-ல எஸ்டிபி3ங்கற பார்ட்டிஷன் தெரியுது. அதைத் திறக்க மவுண்ட் பண்ணினா 'அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப் எல்விஎம்2_மெம்பர்'. கடையில காட்டினா ஃபார்மட் பண்ணணும்ங்கறாங்க.

அதுல எங்க பாட்டி படுகு மொழியில் பாடின பாட்டுகள் இருக்கு. ஹெத்தையம்மன் பண்டிகை சமயம் அடுப்பு பக்கத்துல உட்கார்ந்து பாடினப்போ போன்ல பதிஞ்சேன். விறகு வெடிக்கிற சத்தம்கூட கேக்கும். பாட்டி இப்போ இல்லை. வேற காப்பியும் இல்லை.

பூம்பாறைக்காரன்:
ஃபார்மட் பண்ணிடாதீங்க! டிஸ்க் கெட்டுப்போகலை. டிஸ்க் இடத்தைக் குரூப்பா சேர்த்துப் பிரிச்சு வைக்கிற எல்விஎம் முறையில இருக்கு. எஸ்டிபி3 வெறும் பிசிக்கல் வால்யூம். அது ஒரு வால்யூம் குரூப்புல சேர்ந்திருக்கு. அந்தக் குரூப்புக்குள்ள இருக்கிற லாஜிக்கல் வால்யூம்லதான் உங்க ஃபைல் எல்லாம். அதனாலதான் நேரா மவுண்ட் ஆகலை. எல்விஎம்2 பேக்கேஜ் இருக்கான்னு பாருங்க. அப்புறம் குரூப்பை இயக்க 'சுடோ விஜிசேஞ்ச் -ஏஒய்', அடுத்து உள்ளே இருக்கிறதைப் பார்க்க 'சுடோ எல்விஎஸ்'.

தேயிலைமேடு:
பண்ணினேன் அண்ணா. 'உபுண்டு-விஜி'ங்கற பேரை ரெண்டு குரூப் வச்சிருக்குன்னு வார்னிங் வருது. ஒரு வலைப்பக்கத்துல பிவிகிரியேட் போடச் சொல்லியிருக்கு. போடலாமா?

குன்னூர் டெர்மினல்:
வேண்டவே வேண்டாம் தம்பி. பிவிகிரியேட் புதுசா பிசிக்கல் வால்யூம் உருவாக்கறதுக்கு. இருக்கறதைத் திறக்க அது உதவாது, கட்டாயப்படுத்திப் போட்டா பழைய விவரத்து மேலயே எழுதிடும்.

ரெண்டு உபுண்டுவும் இன்ஸ்டால் ஆகும்போது குரூப்புக்கு ஒரே பேரை வச்சிருக்கு, அவ்வளவுதான். பேரை வச்சுப் பிரிக்க முடியாது, ஒவ்வொரு குரூப்புக்கும் தனியா இருக்கிற அடையாளக் குறியான யூயூஐடி வேணும்:

'சுடோ பிவிஎஸ் -ஓ பிவி_நேம்,விஜி_நேம்,விஜி_யூயூஐடி'

எஸ்டிபி3-க்கு நேரா இருக்கிற யூயூஐடியை மட்டும் காப்பி பண்ணுங்க. இங்கே அவசரமே கூடாது. மாத்தி எடுத்துட்டா புது லேப்டாப் குரூப்போட பேர் மாறி, அடுத்த தடவை அது பூட் ஆகாம நிக்கும். பிறகு:

'சுடோ விஜிரீநேம் அந்த-யூயூஐடி பழசு'
'சுடோ விஜிசேஞ்ச் -ஏஒய் பழசு'
'சுடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ /டெவ்/பழசு/ரூட் /எம்என்டி'

விஜிரீநேம் எல்விஎம் குறிப்பை மட்டும்தான் மாத்தும், ஃபைலைத் தொடாது. ஆனா பழைய டிஸ்க் இனி தனியா பூட் ஆகாது. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

தேயிலைமேடு:
திறந்துடுச்சு அண்ணா! யூயூஐடியை மூணு தடவை சரிபார்த்துத்தான் என்டர் தட்டினேன். ஹோம் ஃபோல்டர்ல எல்லாப் பாட்டும் இருக்கு. முதல் பாட்டைப் போட்டதும் அம்மா சமையல்கட்டுல இருந்து ஓடி வந்துட்டாங்க. இப்போ லேப்டாப்புலயும் ஒரு பென்டிரைவ்லயும் ஏத்திட்டிருக்கேன்.

குன்னூர் டெர்மினல்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. முடிஞ்சதும் கேபிளை அப்படியே பிடுங்காதீங்க. முதல்ல 'சுடோ யூமவுண்ட் /எம்என்டி', அப்புறம் 'சுடோ விஜிசேஞ்ச் -ஏஎன் பழசு'. பென்டிரைவை அரிசி டப்பா மாதிரி ஈரம் ஏறாத எதுலயாவது வைங்க, நம்ம ஊர் பனிக்கு அதுவும் தாங்காது.