ஊர்ச் சுற்றுலா: வரும் பணம் ஊரிலேயே தங்க என்ன வழி?

மலையோரம்: கோவை மாவட்டத்துப் பரளிக்காடு சூழல் சுற்றுலா மாதிரி பரிசல், மதியச் சாப்பாடு, சின்ன நடைபயணம் என்று எங்கள் மலைக்கிராமத்திலும் தொடங்கப் பேச்சு நடக்கிறது. 40 வீடுகள். ரோட்டோர வீடுகளே எல்லாவற்றையும் வளைத்துக்கொள்ளும் என்று பெண்கள் பயப்படுகிறார்கள். எப்படிப் பங்கிடுவது?

பரிசல்துறை: நியாயமான பயம். பரிசல், சமையல், வழிகாட்டல் மூன்றுக்கும் தனித்தனி முறைப் பதிவேடு போடுங்கள். இன்று வேலை பார்த்தவர் பெயர் வரிசைக் கடைசிக்குப் போகவேண்டும். பணம் யார் கையிலும் வாங்காமல் குழுவின் வங்கிக் கணக்குக்கே வரட்டும். எடுக்க இருவர் கையெழுத்து, ஒருவர் கட்டாயம் பெண். மாதக் கணக்கை ஊர்ப் பொதுஇடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

பில்லூர் அணை நீர்த்தேக்கத்தில் இருளர்கள் பரிசல் ஓட்டும் பரளிக்காட்டுக்கு முன்பதிவு செய்துதான் போகவேண்டும். நீங்களும் அதை விடாதீர்கள். இரண்டு நாள் முன்பே தலைக்கணக்கு தெரிந்தால்தான் சமையல் வீணாகாது. 10 பரிசல், ஒன்றில் 4 பேர், இரண்டு சுற்று என்றால் 80 பேர். 81-வது ஆளை ஏற்றினால் முதலில் பற்றாமல் போவது உயிர்காப்புச் சட்டைதான்.

சந்தைக்கணக்கு: பங்கீட்டைவிட, வந்த பணம் ஊருக்கு வெளியே ஒழுகிப் போவதுதான் பெரிய பிரச்சினை. உதாரணத்துக்கு, தலைக்கு 500 ரூபாய் வாங்கி 200-ஐச் சாப்பாட்டுக்கு ஒதுக்குகிறீர்கள். அரிசி, கோழி, எண்ணெய் எல்லாம் டவுனில் வாங்கினால் அந்த 200-இல் பெரும்பகுதி அன்றே மலையிறங்கிவிடும். ராகிக் களி, அவரைக் குழம்பு, நாட்டுக்கோழி, தேன் என்று ஊரில் விளைவதை வைத்தே சாப்பாட்டை முடிவு செய்யுங்கள். ஆனால் வாரம் எத்தனை கோழி என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் விலை ஏறி, ஊர்ப் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்காது.

குமுளிச்சாலை: தேக்கடியைப் பாருங்கள். 1996 முதல் 2004 வரை உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. காட்டில் வயணப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) வெட்டிக் கடத்தியவர்களே குழுவாகி வழிகாட்டிகளானார்கள். காட்டுத் தடம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. கூடவே காவல் ரோந்தும் அவர்கள் பொறுப்பு. திட்டப் பணம் நின்ற பிறகும் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், பயணிகளிடம் வசூலாகும் தொகையில் ஒரு பங்கு நிதியாகச் சேர்ந்ததுதான். நீங்களும் கூலி கொடுக்கும் முன்பே 10 சதவீதத்தைத் தனியே எடுத்து வையுங்கள். மீந்தால் போடலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

மலையோரம்: எங்கள் அணையில் தண்ணீர் இறங்கிவிட்டால்?

பரிசல்துறை: அன்று பரிசல் கிடையாது என்று முன்பதிவிலேயே சொல்லி, கட்டணத்தைக் குறைத்து நடைபயணம் மட்டும் வையுங்கள். சேற்றில் பரிசலை இழுத்தால் அடிப்பாகம் கிழியும். வெள்ளாமையையும் ஆட்டையும் மட்டும் யாரும் விட்டுவிடவேண்டாம். மழை மாதங்களில் சோறு போடுவது அவைதான்.