தம்பி மாத்திரை வாங்கப் போவதை நிறுத்திவிட்டான், எங்கிருந்து தொடங்குவது?

காசிமேட்டு அக்கா கேட்டது:

என் தம்பிக்கு 31 வயது. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். போனால் திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நாலு வருஷத்துக்கு முன்னால் எச்ஐவி இருப்பது தெரிந்தது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் சொன்னான். எச்ஐவிக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏஆர்டி மையத்தில் பதிந்து தினம் ஒரு மாத்திரை, தவறாமல் போட்டான். வைரல் லோடு பரிசோதனையில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சொன்ன அன்றைக்கு அம்மா வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தார்.

போன வருஷம் அம்மா தவறிவிட்டார். அதிலிருந்து தம்பி பழைய ஆளாக இல்லை. ராத்திரி தூங்குவதில்லை. கரைக்கு வந்தால் டீயும் பீடியுமாகவே பொழுதை ஓட்டுகிறான், சாயந்திரம் ஆனால் குடி. தாடி வளர்ந்து கிடக்கிறது. கயிறு அறுத்த காயம் உள்ளங்கையில் சீழ் வைத்திருக்கிறது, அதற்கும் மருந்து போடவில்லை. மாத்திரை வாங்க வேண்டிய தேதி தாண்டி இரண்டு மாதம் ஆகப்போகிறது. மையத்திலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. நான் கேட்டால், "நல்லாத்தானேக்கா இருக்கேன், விடு" என்கிறான்.

திட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், அம்மா பேரில் சத்தியம் கேட்டுப் பார்த்தேன். முன்பு அவனோடு போயிருப்பதால் மையத்தில் இருக்கும் கவுன்சிலர் மேடத்துக்கு என்னைத் தெரியும். அவர், "முதல்ல அவர் தன்னைக் கவனிச்சுக்கட்டும்மா, அதுக்கு உதவி பண்ணுங்க, இங்க வர்றது தானா நடக்கும்" என்றார். எனக்கு அது பிடிபடவில்லை. குளிப்பதும் சாப்பிடுவதும் தூங்குவதும் ஒருத்தனை ஆஸ்பத்திரிக்குப் போக வைக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை டெய்லர் அம்மா:

போக வைக்கும் தங்கச்சி. நான் 2005-லிருந்து மாத்திரை போடுகிறவள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். தூக்கம் போனது, சாப்பாடு போனது, காயத்தைக் கவனிப்பது போனது. மாத்திரை தேதி இதற்கெல்லாம் பின்னால்தான் போயிருக்கும். சிகிச்சையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேரிடம் பேசியிருக்கிறேன், பெரும்பாலும் இதே வரிசைதான். இந்த உடம்பு இருந்தால் என்ன, போனால் என்ன என்று நினைக்கிறவர், அந்த உடம்புக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் வந்து உட்கார மாட்டார். அதனால்தான் அந்த மேடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அரசாங்கம் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். அப்போது எனக்குத் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிதான். பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போக வேண்டும். காலையிலும் ராத்திரியும் மாத்திரை. அதில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. பாதம் எரியும், கன்னம் ஒட்டிப்போகும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மாமியார் வீட்டில் எனக்குத் தட்டு தனி, டம்ளர் தனி என்று வைத்திருந்த நேரம் வேறு. கண்ணாடி பார்க்கவே பிடிக்காது.

மையத்தில் என் பக்கத்தில் வியாசர்பாடிப் பெரியம்மா ஒருவர் வந்து உட்காருவார். "மாத்திரை போட்டியா" என்று அவர் கேட்டதே இல்லை. "தலைக்கு எண்ணெய் வச்சியா? காலையில என்ன சாப்ட்ட?" இதைத்தான் கேட்பார். படுக்கும் முன் பாதத்தில் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொன்னதும் அவர்தான். எண்ணெய் அந்த எரிச்சலைக் குணமாக்காது, அது மருந்தினால் வந்த நரம்புக் கோளாறு. ஆனால் தினம் விரல் விரலாகத் தொட்டுத் தேய்த்ததால்தான், மரத்துப்போவது விரல் நுனியிலிருந்து கணுக்கால் பக்கம் ஏறுவது எனக்குத் தெரிந்தது. அடுத்த தடவை டாக்டரிடம் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். அவர் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, ஸ்டாவுடினை நிறுத்தி ஜிடோவுடின் கொடுத்தார். நான் சொன்னதால் மருந்து மாறியது. அப்புறம் மையத்துக்குப் போகும் நாள் எனக்குச் சுமையாகத் தெரியவில்லை, ஏனென்றால் போய்ச் சொல்வதற்கு என்னிடம் விஷயம் இருந்தது.

இப்போதும் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் எடை, தூக்கம், மூட்டு வலி, டாக்டரிடம் கேட்க வேண்டியது எல்லாம் எழுதி வைத்துக்கொண்டுதான் போகிறேன். தன்னைக் கவனிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். பூ வைத்துக்கொள்வதும் அதில் உண்டு.

தம்பிக்குக் காயத்திலிருந்து தொடங்குங்கள். மாத்திரைப் பேச்சே வேண்டாம். பக்கத்து மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட வையுங்கள். கட்டு மாற்ற மறுபடி போகத்தான் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் கூச்சம் அங்கேயே கொஞ்சம் விடும். வந்ததும் சோறு போட்டுத் தனியாக விட்டுவிடாமல் நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். அம்மாதான் அவனை மாத்திரை நேரத்துக்குக் கூப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அந்த டப்பாவைத் திறந்தாலே அம்மா ஞாபகம் வரும். அவன் அதை வாய்விட்டுப் பேசட்டும், நீங்களும் பேசுங்கள்.

இன்னொன்று, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டைக்காரர்கள் எல்லோரும் எதற்கெடுத்தாலும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம், தெரிந்த முகம் கண்ணில் படாமல் இருக்காது. அதுதான் தடை என்றால் வேறு ஏஆர்டி மையத்துக்கு மாற்றிக் கேட்கலாம், கொடுப்பார்கள். 2017-ல் வந்த எச்ஐவி எய்ட்ஸ் சட்டப்படி அவன் சம்மதம் இல்லாமல் அவன் நிலையை வெளியே சொல்லக் கூடாது, இது அவனுக்குத் தெரிய வேண்டும். மாத்திரை டப்பா குலுங்குகிற சத்தம் படகில் காட்டிக்கொடுக்கும் என்று பலரும் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகிறார்கள். அது வேண்டாம். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இருக்கும், கடல் காற்றுக்கு அது அவசியம். பழைய ஜீன்ஸ் துணியில் இரண்டு மடிப்பாக, நடுவில் பஞ்சு வைத்து, டப்பாவை விட இரண்டு விரல் பெரிதாகப் பை தைத்து நாடா போட்டுவிடுங்கள். சத்தமும் வராது, லேபிளும் தெரியாது. எங்கள் குழுவில் உள்ளவர்களுக்கு நான் தைத்துக் கொடுப்பது அதுதான்.

ராயபுரம் சிஸ்டர்:

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். 1986-ல் இந்த ஊரில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டிலேயே முதன்முதலாக எச்ஐவியைக் கண்டறிந்தார்கள். அன்றைக்குக் கையில் கொடுக்க மாத்திரை இல்லை. அந்தக் காலத்து வார்டுகளைப் பார்த்தவள் என்பதால், மருந்து இலவசமாகக் கிடைத்தும் ஒரு பிள்ளை அதை விட்டுவிட்டது என்று கேட்டால் எனக்கு மனசு ஆறாதும்மா.

தம்பி போட்டது அநேகமாக டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரையாக இருக்கும். நிறுத்தியதும் உடம்பில் ஒன்றும் தெரியாது, அதனால்தான் "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். ஆனால் சில வாரங்களிலேயே கிருமி மறுபடி பெருக ஆரம்பித்துவிடும். விட்டு விட்டுப் போட்டால் மருந்துக்கு மசியாத கிருமி உருவாகலாம். மஞ்சள் காமாலை வகையில் ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறவர்கள் இதைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் மோசமாகலாம்.

குடித்த அன்றைக்கு மாத்திரை போடக் கூடாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். குடியைக் குறைக்கத்தான் வேண்டும், அது வேறு. குடித்திருந்தாலும் அன்றைய மாத்திரையை விடக் கூடாது. இதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், கணக்குப் பார்த்தால் விட்ட நாட்களில் பாதி இப்படித்தான் போயிருக்கும்.

சத்துக்கு என்று இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். அவை டோலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரண்டையும் சாப்பாட்டோடு ஒன்றாகப் போட்டால் பரவாயில்லை. வெறும் வயிற்றில் என்றால் ஏஆர்டி மாத்திரை இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ இருக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் மாதிரியானவற்றுக்கு எப்போதும் அந்த இடைவெளி வேண்டும். டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், மறுபடி தொடங்கும்போது ராத்திரி வேண்டாம், காலையில் போடட்டுமா என்று டாக்டரைக் கேட்கலாம்.

இருமல், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்ப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே போங்கள், காசநோயைப் பார்க்க வேண்டும். தூக்கம் போய்க் குடியும் கூடியிருப்பது மனச்சோர்வாகவும் இருக்கலாம். 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

எண்ணூர் தொழிலாளி:

அக்கா, நானும் கடலுக்குப் போகிறவன், எனக்கும் இருக்கிறது. படகில் நேரம் என்பது கிடையாது. மணி பார்த்து மாத்திரை போட நினைத்தால் அந்த நேரம்தான் வலை இழுப்பார்கள். அதனால் அலாரத்தை விட்டுவிட்டு, காலையில் முதல் டீக்கு என்று வைத்துக்கொண்டேன், அது என்றைக்கும் தவறாது. பத்து நாள் பயணம் என்றால் பதினைந்து நாளைக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள், காற்று மாறினால் எப்போது கரை சேர்வோம் என்று சொல்ல முடியாது. மருந்து நிலையாகப் போட்டு உடம்பு சீராக இருக்கிறவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது உண்டு, தொழிலைச் சொல்லிக் கேட்க வேண்டும். பரிசோதனைக்கெல்லாம் தடைக்காலம்தான் தோது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கரையில் சும்மாதான் இருக்கிறோம், வருஷத்துக்கு ஒரு வைரல் லோடு அப்போது எடுத்துவிடுவேன்.

கல்யாணப் பேச்சு வந்து அதில் மனசு உடைந்திருக்கிறானா என்றும் பாருங்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டு வைரல் லோடில் கிருமி தெரியாத அளவிலேயே இருந்தால் உறவின் மூலம் துணைக்குப் பரவாது. என் மனைவிக்கு எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டாள், அவளுக்கு இல்லை, குழந்தைக்கும் இல்லை. வேண்டுமென்றால் அவனிடம் நான் பேசுகிறேன்.

காசிமேட்டு அக்கா:

எல்லோருக்கும் நன்றி. கையில் கட்டுப் போட்டாகிவிட்டது. இரண்டாவது தடவை கட்டு மாற்ற அவனே போய்விட்டு வந்தான். எண்ணூர் அண்ணன் எழுதியதை மட்டும் காட்டினேன், வாங்கி ரொம்ப நேரம் படித்தான். "அவர் எந்த போட்ல இருக்கார்?" என்றான். தாடி அப்படியே இருக்கிறது, குடியும் இருக்கிறது, ஆனால் சோறு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

நேற்று அவனே கேட்டது இது: இவ்வளவு நாள் கழித்துப் போனால் பேரை அடித்திருப்பார்களா, எல்லார் முன்னாலும் திட்டுவார்களா? மையத்தில் கொடுத்த பச்சைச் சிகிச்சைப் புத்தகம் வேறு எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை.

தண்டையார்பேட்டை டெய்லர் அம்மா:

பேரெல்லாம் அடிக்க மாட்டார்கள். திரும்பி வருகிறவர்கள் அங்கே தினமும் உண்டு. பச்சைப் புத்தகம் கிடைக்காவிட்டால் பழைய மாத்திரை டப்பாவோ சீட்டோ ஏதாவது எடுத்துப் போங்கள், அதுவும் இல்லையென்றால் பேரும் போன் நம்பரும் சொன்னால் பதிவில் தேடி எடுப்பார்கள். நேராக மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போகாமல் முதலில் அந்த கவுன்சிலர் மேடத்தைப் பாருங்கள், முன்தினமே போன் செய்து இன்னார் வருகிறார் என்று சொல்லிவிடுங்கள். சிடி4, அதாவது எதிர்ப்புச் சக்தி அணுக்கள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுப்பார்கள், சாப்பிட்டுவிட்டே போகட்டும். எத்தனை நாள் விட்டான் என்பதை மறைக்காமல் சொல்லட்டும், அதை வைத்துத்தான் டாக்டர் அடுத்தது என்ன என்று முடிவு செய்வார். யாராவது கடுமையாகப் பேசினால் அங்கே சண்டை வேண்டாம், மருந்தை வாங்கிக்கொண்டு வந்து 1097-ல் சொல்லுங்கள், எச்ஐவிக்கான இலவச உதவி எண்தான். படகு ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள்.