மறு: ஹைப்பர்ஃபான்டேசியா – ‘மிகைக் கற்பனை’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

ஹைப்பர்ஃபான்டேசியாவுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த மூன்று பரிந்துரைகளையும் (மிகைக் கற்பனை, ஒளிப்பட நினைவு, உருவெளி) இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நினைத்தது கண்ணெதிரே நிற்பதுபோல் தெரிகிற இயல்புக்குத்தான் அந்தப் பெயர். எனக்கு அது சிறு வயதிலிருந்தே உண்டு. அதனால் மடல் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘மிகை’. ஹைப்பர் என்று வந்தாலே மிகை என்று போட்டுவிடுகிறோம். மிகை இரத்த அழுத்தம், மிகைச்சுரப்பு என்று பழகிய காதுக்கு அது குறைக்க வேண்டிய ஒன்றாகத்தான் கேட்கும். இதுவோ நோயே அல்ல. ‘கற்பனை’ இன்னும் சிக்கல். “அதெல்லாம் உன் கற்பனை” என்றால் தமிழில் என்ன பொருள்? நடக்கவில்லை, நீயாகச் சொல்கிறாய் என்பதுதான். சிறு வயதில் நான் இதை நிறையவே கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லையே இந்த இயல்புக்குப் பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை. நரம்பியல் ஆய்வாளர் ஜோயல் பியர்சன் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சமான உருவத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னபோதே பலருக்குக் கண்மணி சுருங்கியது. அகத்தில் எதுவும் தெரியாதவர்களுக்கு அப்படிச் சுருங்கவில்லை. கண்மணியை வேண்டுமென்றே சுருக்கிக் காட்ட யாராலும் எளிதில் முடியாது, ஆக இது நாங்களாகச் சொல்வதல்ல.

அடுத்து ‘ஒளிப்பட நினைவு’. இதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். காரணத்துக்கு ஓர் அனுபவம் சொல்கிறேன். அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் இடப்பக்கக் கீல் உடைந்து, கறுப்பு நூல் சுற்றியிருக்கும். முடிச்சிலிருந்து ஓர் இழை பிரிந்து நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா தலையைத் திருப்பும்போது அந்த இழை கன்னத்தில் படும். அம்மா போய்ப் பல வருடமாகியும் இப்போது எழுதும்போதே அது தெரிகிறது. போன வருடம் பழைய படம் ஒன்று கிடைத்தது. நூல் வலப்பக்கத்தில் இருந்தது. படத்தைப் பார்த்த பிறகும் என் காட்சி மாறவில்லை, இழை இன்னும் இடக் கன்னத்தில்தான் படுகிறது. தெளிவு வேறு, சரி வேறு. ஒளிப்படம் என்று பெயர் வைத்தால் நாங்கள் எதையும் பிசகாமல் நினைவு வைத்திருப்பவர்கள் என்று ஆகிவிடும்.

உருவெளியைப் பரிந்துரைத்தவருக்கு என் நன்றி. எதிரே இல்லாத ஒருவர் இருப்பதுபோல் தெரியும் தோற்றத்தைச் சொல்லும் அழகான பழஞ்சொல். கம்பனில் இராவணனுக்குச் சீதையின் உருவெளி தெரிகிறது. இவள்தானா என்று கேட்கச் சூர்ப்பணகையை அழைக்கிறான். அவளுக்கோ அங்கே இராமன் நிற்கிறான். ஒருவர் அகத்தில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியுமா! ஆனால் அவர்கள் இருவரும் கண்டதை முதலில் மெய்யென்று நம்பினார்கள். எனக்கு எதிரே இருக்கும் சுவரும் தெரியும், அம்மாவின் கண்ணாடியும் தெரியும். எது வெளியே, எது உள்ளே என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. உருவெளியை மாயத்தோற்றத்துக்கு விட்டுவைக்கலாம்.

அப்புறம், இது தனிச்சொல் அல்ல, இரட்டைச் சொல். 1880-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், அன்று காலை உண்ட மேசையை நினைத்துப் பார்க்கச் சொல்லிப் பலரைக் கேட்டார். சிலருக்கு மேசை அப்படியே தெரிந்தது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. 1973-இல் உளவியலாளர் டேவிட் மார்க்ஸ் இதை அளக்க 16 கேள்விகள் கொண்ட வினாநிரலை உருவாக்கினார். இப்போது வழங்கும் முறையில் மொத்தம் 16 முதல் 80 வரை மதிப்பெண் வரும், கூடக் கூட உரு தெளிவு. நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமனும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் அஃபான்டேசியா என்று பெயரிட்டது 16-ஐ ஒட்டிய முனைக்கு, அதாவது அகத்தில் எதுவும் தெரியாத நிலைக்கு. நாம் பேசுவது 80-ஐ ஒட்டிய முனை. ஒரே கோலின் இரு நுனிகள் என்பதால் இரண்டு பெயருக்கும் ஒரே வேர் வேண்டும்.

என் பரிந்துரை: அகவுரு. அதிலிருந்து ஹைப்பர்ஃபான்டேசியாவுக்கு அகவுருச்செறிவு, அஃபான்டேசியாவுக்கு அகவுருவின்மை. மார்க்ஸின் வினாநிரலை ‘அகவுருத் தெளிவு வினாநிரல்’ எனலாம். நினைவில் வருவதற்கும் புதிதாகப் புனைவதற்கும் ‘உரு’ பொதுவாக நிற்கிறது. ‘அகக்காட்சி போதாதா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘காட்சி கொடுத்தார்’ என்று சொல்லிப் பழகிய மொழியில் அது ஆன்மிகப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதே என் தயக்கம். அகவுரு என்றால் உள்ளமைப்பு என்று மென்பொருள்காரர்கள் கொள்வார்கள் என்ற கவலை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

ஏன் ‘செறிவு’? தெளிவு என்றால் நன்மை மட்டும்தான் கேட்கும். செறிவில் பாரமும் இருக்கிறது. நண்பர் ஒருவர் தன் முழங்கால் அறுவையைத் தொலைபேசியில் விவரித்தார். ‘தோலை விலக்கி’ என்று அவர் சொன்னபோதே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நலமாகி நடக்கிறார், எனக்கு அந்தக் கால் இன்னும் திறந்தே கிடக்கிறது. சொல்லாக வருவதைவிட அகவுருவாக வருவது உணர்ச்சியைக் கூடுதலாகத் தூண்டும் என்று உளவியலாளர் எமிலி ஹோம்ஸ் குழுவினர் ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். விபத்துச் செய்திகளை நான் தலைப்போடு நிறுத்திக்கொள்வது அதனால்தான். அதே செறிவுதான், தொலைத்த சாவியைத் தேடும்போது வீட்டுக்குள் வந்த நேரத்தை அறை அறையாகத் திரும்ப நடக்க விடுகிறது.

ஒன்று மட்டும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ‘அகவுருவின்மை’யில் உள்ள ‘இன்மை’ ஒரு குறையைச் சுட்டுவதுபோல் ஒலிக்கிறதா? குழுவில் அந்த முனையில் இருப்பவர்கள் யாரேனும் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். உங்களுக்கு உறுத்தினால் அந்தப் பாதியை மாற்றிவிடலாம்.

அன்புடன்.