ரப்பர் தோட்ட வீட்டுக்கு செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி: லைட், ஸ்லிங் எல்லாம் மாட்டலாமா?

அருமனை தோட்டக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பர் தோட்டமும், அதை ஒட்டிக் கொஞ்சம் மரச்சீனியும் (மரவள்ளி) உண்டு. தோட்டத்துக்குள்ளேதான் வீடு. பக்கத்து வீடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள பழைய இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் (குழல் அளவு) துப்பாக்கி இருக்கிறது. அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிக்கொள் என்கிறார்.

என் சித்தப்பா மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். அவனிடம் பெரெட்டா 1301 என்ற செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி இருக்கிறது, சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும். முன்னால் லைட், பக்கவாட்டில் தோட்டா செருகும் பட்டை, ஸ்லிங் (தோளில் மாட்டும் வார்) எல்லாம் மாட்டி போட்டோ அனுப்பினான். போன மழையில், புகைக்கூட்டில் உலர்த்தப் போட்டிருந்த ரப்பர் ஷீட் திருட்டுப் போனது. அதிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் பயம். என் கேள்வி இதுதான்: அந்த மாதிரி ஒன்று இங்கே வாங்க முடியுமா? முடியாவிட்டால் அப்பாவின் துப்பாக்கியிலேயே லைட்டும் பட்டையும் மாட்டலாமா? குழல் ரொம்ப நீளம், வீட்டுக்குள் திரும்பும்போது கதவில் இடிக்கிறது. கொஞ்சம் வெட்டிக் குறைத்தால் என்ன?

தக்கலை ஹவில்தார்:

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். குழலைத் தொடாதீர்கள். அனுமதி இல்லாமல் குழலைக் குறைப்பது 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி குற்றம். 20 அங்குலத்துக்குக் குறைந்த குழல் நம் ஊரில் கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் சாதாரண லைசென்சுக்குள் வரவே வராது. செமி ஆட்டோமேட்டிக்கும் அதே வகைதான். உங்களுக்கு மேற்கொண்டு வேண்டும் என்றால் பம்ப் ஆக்சன் (முன்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) வரைக்கும் கேட்டுப் பார்க்கலாம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலேயே அது செய்கிறார்கள். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி லைட். இதை நிதானமாகப் படியுங்கள், எனக்கு மனசில் பாரமான விஷயம் இது. நான் பட்டாளத்திலிருந்து வந்த பிறகு வங்கிக் காவல் வேலையில் இதே பன்னிரண்டு போரைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவன். என் மச்சான் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி. விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கத்தியும் கையுமாகத் தோட்டத்துக்குள் இறங்குவார். உங்கள் தோட்டத்திலும் அப்படி ஆட்கள் வருவார்கள்தானே? இருட்டில் ஒரு வெளிச்சம், கையில் மின்னும் இரும்பு, மரத்துக்கு மரம் நகரும் ஒரு உருவம். பயத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு அது யாராகத் தெரியும்?

துப்பாக்கியில் லைட்டை மாட்டினால், யார் என்று பார்க்க வேண்டிய ஒவ்வொரு முறையும் குழலை அந்த ஆள் மேல் நீட்டியே ஆக வேண்டும். சுடக்கூடாத ஒன்றின் மேல் குழலைத் திருப்பாதே என்பதுதான் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் உங்களுக்கு வேண்டியது கையில் பிடிக்கிற நல்ல டார்ச். அது இடது கையில், துப்பாக்கி தோளில், வாய் வீட்டுக்குள்ளிருந்தே சத்தமாக 'யாருல அது?' என்று கேட்க வேண்டும். பதில் வருகிற வரைக்கும் கதவைத் திறக்க வேண்டாம். முற்றத்திலும் புகைக்கூட்டு வாசலிலும் ஆள் அசைந்தால் எரிகிற லைட்டைப் போடுங்கள், துப்பாக்கியில் மாட்டுவதை விட ஆயிரம் மடங்கு பிரயோஜனம்.

ஷீட் திருட்டுக்காக ஒருவனைச் சுட முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாக அஞ்சுகிற நிலையில்லாமல் வெறும் திருட்டுக்காக உயிரை எடுக்க அது இடம் கொடுக்காது. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் உள்ளே போவது நீங்கள். மரச்சீனியில் இறங்குகிற பன்றியையும் சுடலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

ஸ்லிங் மட்டும் நல்லது, போடுங்கள். கேன்வாஸ் பட்டை போதும், தோல் நம் மழையில் பூஞ்சை பிடிக்கும். தோளில் வைக்கும் பின்கட்டையில் ரப்பர் பேடும் போடலாம், ஆனால் அதனால் நீளம் கூடும். தோளில் வைத்து, கண்ணை மூடித் திறந்ததும் பார்வை குழலின் மேல் நேராகப் போகிறதா என்று பாருங்கள். கன்னம் பின்கட்டையை விட்டு எழும்பினால் அந்த பேட் உங்களுக்கு ஆகாது.

ஹூஸ்டன் மார்த்தாண்டத்தான்:

போட்டோ அனுப்பிய ஆள் நான்தான் அண்ணா. ஹவில்தார் அண்ணாச்சி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். என்னுடையதன் குழல் 18.5 அங்குலம். இங்கே 18க்குக் குறையக்கூடாது என்பதுதான் சட்டம், அதனால் இது செல்லும். ஊரில் அதையே வைத்திருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

மாட்டுகிற சாமான் எல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். என் நண்பர் பக்கவாட்டுத் தோட்டாத் தட்டை முடுக்கி முடுக்கித் திருகினார். திருகு இறுகித் துப்பாக்கியின் உடல் லேசாக அமுங்கி, உள்ளே அசைய வேண்டியது தடுக்கி நின்றது. எனக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்று வெல்க்ரோவில் ஒட்டுகிற எலாஸ்டிக் பட்டை வைத்திருக்கிறேன். எலாஸ்டிக் தளர்ந்தால் தோட்டா உதிரும், அப்போது புதிதாக ஒட்ட வேண்டும். 1301இன் பழைய வகையில் போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் இரும்பை) விடும் பித்தான் பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கும். தெரியாமல் அதில் தட்டினால் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் டியூபிலிருந்து ஒன்று நழுவி உள்ளே சிக்கும். அதற்கென்றே ஒரு மறைப்பு வாங்கிப் போட்டேன்.

இது கேஸ் அழுத்தத்தில் இயங்குகிறது. சக்தி குறைந்த தோட்டா போட்டால் சிலது அடுத்ததை ஏற்றாமல் நின்றுவிடும். அதனால் வீட்டில் எந்தத் தோட்டாவை வைக்கிறேனோ, அதையே ரேஞ்சில் சுட்டுப் பார்த்த பிறகுதான் வைத்தேன். அப்புறம் ஒன்று: சேப்டி என்பது பெரும்பாலான ஷாட்கன்களில் டிரிகரை மட்டும்தான் தடுக்கும். கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடிக்காது என்று அதை நம்ப முடியாது. என் வீட்டில் சேம்பர் (குழலின் அடியில் தோட்டா உட்காரும் இடம்) எப்போதும் காலி, துப்பாக்கி பூட்டிய பெட்டியில், சாவி என்னிடம். சின்னவள் எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கிற வயது.

அருமனை தோட்டக்காரன்:

இரண்டு பேருக்கும் நன்றி. பால்வெட்ட வருகிறவர்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை அண்ணாச்சி, எங்கள் தோட்டத்திலும் மூன்றரைக்கெல்லாம் வந்துவிடுவார்கள். லைட் யோசனையை விட்டுவிட்டேன். அப்பாவின் துப்பாக்கியையே ஒழுங்காக வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்? சிதறுகிற தோட்டாதானே, வீட்டுக்குள் குறி பார்க்கத் தேவையில்லை என்கிறார்களே, அது சரியா?

தக்கலை ஹவில்தார்:

அது தவறு தம்பி. ஒரு அறையின் தூரத்தில் குண்டுகள் கையகலத்துக்குக் கூடச் சிதறாது. குறி தவறினால் மொத்தமாகத் தவறும். எஸ்ஜி மாதிரிப் பெரிய குண்டு பலகைத் தடுப்பையும் ஓடுகளையும் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். அப்பா அம்மா எந்த அறையில் படுக்கிறார்கள், அந்தத் திசையில் குழல் ஒருபோதும் திரும்பக்கூடாது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரட்டைக் குழலில் எனக்குப் பிடித்தது, மடக்கித் திறந்தால் காலியா இல்லையா என்று எதிரே நிற்பவனுக்கும் தெரியும். யார் கையில் கொடுத்தாலும் திறந்தபடி கொடுங்கள். டம்மி தோட்டா ஒரு ஜோடி வாங்கி, ஏற்றி இறக்கிப் பழகுங்கள். அந்த அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது.

நம் ஊர்க் கடல் காற்றுக்கும் இரண்டு மழைக்கும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்க்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேண்டாம், அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து உள்ளே அடைக்கும். துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியால் துடையுங்கள். துணி உறையில் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோட்டா தனியே, ஈரம் ஏறாத டப்பாவில் இருக்கட்டும். அப்பா காலத்துக் காகிதத் தோட்டா ஊதியிருந்தால் குழலில் திணிக்காதீர்கள்.

அப்புறம் மறக்காமல் பாருங்கள். குழலைக் கழற்றி அடிப்பக்கம் 65 என்றோ 70 என்றோ பொறித்திருக்கிறதா? 65 மில்லிமீட்டர் சேம்பரில் 70 தோட்டா வழுவழுவென்று உள்ளே போய்விடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பழைய குழலுக்கு அது ஆபத்து.

லைசென்ஸ் விஷயம் சுலபம். அப்பா எழுபதைத் தாண்டியதால் 2016 ஆயுத விதிகளின் 25ஆம் விதியில் வாரிசாக நீங்கள் விண்ணப்பிக்கலாம். துப்பாக்கி கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். லைசென்ஸ் கைக்கு வரும் வரை துப்பாக்கி அப்பாவுடையது, நீங்கள் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டாம்.

அருமனை தோட்டக்காரன்:

இப்போதுதான் அப்பாவை உட்கார வைத்துக் கழற்றிப் பார்த்தோம். 65 என்று பொறித்திருக்கிறது. அலமாரியில் இருக்கிற பெட்டியில் பாதி 70.

தக்கலை ஹவில்தார்:

அந்தப் பாதியை இன்றைக்கே தனியே எடுத்துப் பூட்டிவிட்டு, அப்பாவை லைசென்ஸ் புத்தகத்தோடு டீலரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 70ஐத் திருப்பிக் கொடுத்ததைப் புத்தகத்தில் பதியச் சொல்லி, ரசீதும் வாங்குங்கள். 65 தோட்டா கேட்டால் கிடைக்கும். அப்படியே குழலுக்குள் துருக் குழி விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.