கம்பளம் விரிக்கலாமா?

பெரியம்மா: (பலமுறை பகிரப்பட்டது) எச்சரிக்கை! புதுவகைக் கம்பள நூல் கிருமியில் செய்யப்படுகிறது. குழந்தை தவழும் வீட்டில் விரிக்காதீர்கள்!!

அக்கா: மாமா வாங்கிட்டு வந்தது இதானா

மாமா: அட்டையில சோரோனான்னு இருக்கு

பெரியம்மா: தொட்டில் வாங்கினப்பவும் இப்படித்தான்

மாமா: அக்கா, தொட்டில் கதையை எடுக்காத

நான்: சோரோனாங்கறது அந்த நூலோட பேரு மாமா. பெரியம்மா, பாதி நிஜம். ஈ.கோலை பாக்டீரியாதான் வேலை செய்யுது. ஆனா கே-12 வகை, நோய் உண்டாக்காது. எங்க ஆய்வகத்துல தினமும் அதோடதான் இருக்கேன்.

நான்: மக்காச்சோளச் சர்க்கரையைக் கிளிசரால் ஆக்க ஈஸ்ட்டோட ஜீன். அதை அடுத்த படிக்குக் கொண்டுபோக கிளெப்சியெல்லாவோட ஜீன். ரெண்டையும் ஈ.கோலைக்குள்ள வச்சாங்க. கடைசிப் படிக்கு அதுகிட்டயே ஒரு நொதி இருந்துது! எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சித்தப்பா: கிளெப்சியெல்லா நிமோனியாக் கிருமியாச்சே

நான்: ஆமா சித்தப்பா. ஆனா எடுத்தது சில நொதிகளுக்கான ஜீன் மட்டும். நோய் அதுல வராது.

பெரியம்மா: கிருமி கிருமிதான்

நான்: கிடைக்கிறது புரொப்பேன்டையால்ங்கற திரவம். பாக்டீரியாவைப் பிரிச்சுட்டு, திரவத்தைக் காய்ச்சி வடிக்கிறாங்க. கொதிநிலையே 214 டிகிரி. அப்புறம் பெட்ரோலியத்துலேர்ந்து வர்ற இன்னொரு பொருளோட சேத்துப் பாலிமராக்கி, அதாவது நீளச் சங்கிலியாக் கோத்து, உருக்கி, நூலா இழுக்கிறாங்க. எந்தக் கிருமி தாங்கும்? 2006லயே அமெரிக்காவுல, டென்னசியில, இதுக்குன்னு பெரிய ஆலை வந்தாச்சு.

மாமா: அப்ப முழுக்கச் சோளமா?

நான்: இல்ல மாமா. எடையில 37 சதவீதம்தான் செடி. மிச்சம் பெட்ரோலியம். எனக்கு வருத்தமே அதுலதான். அந்த மிச்சத்தையும் மாத்தணும்.

அம்மா: என் முகக் கிரீம்லயும் புரொப்பேன்டையால்னு போட்டிருக்கே

நான்: அதேதாம்மா. அநேகமா இதே மாதிரி செஞ்சது.

பெரியம்மா: அதையா முகத்துல பூசுற?

அம்மா: நீயும்தான் என்கிட்ட வாங்கிப் பூசுற

சித்தப்பா: டாக்டருக்குப் படின்னோம், கிருமி வளக்கப் போனா. இப்ப உதவுது பாருங்க

நான்: சித்தப்பா ❤️

அக்கா: பையன் எழுந்துட்டான். விரிக்கவா வேண்டாமா?

நான்: விரிக்கா. முதல்ல காத்தாட போட்டு வை, புது வாடை போகட்டும்.

பெரியம்மா: ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் சுருட்டியே வை

மாமா: வந்தா தொட்டிலையும் பாத்துட்டுப் போ. இன்னும் ஆடுது

அக்கா: பாதி விரிச்சிருக்கேன். மிச்சம் சோபாவுக்கு அடியில.