லீவர் துவக்கும் எங்கள் வட்டையும்

லண்டனிலிருந்து, ஊர் கொக்கட்டிச்சோலை:

இந்தப் பக்கத்தில் எல்லாரும் வயலில் பன்றிக் காவலையும், கம்பி தட்டினால் தானே வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் வேறொரு துவக்கைப் பற்றி எழுதுகிறேன். இங்கே சுடும் கழகம் ஒன்றில் 6 வருடமாக உறுப்பினராக இருக்கிறேன், என்னிடம் இருப்பது .357 மக்னம் தோட்டா போடும் லீவர் கார்பைன் என்ற ரைபிள். கௌபோய் படங்களில் கைப்பிடி வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்துச் சுடுவார்களே, அந்த வகைதான்.

தாந்தாமலைத் திருவிழாவுக்கு ஊர் வந்திருந்தபோது ஒரு இரவு மாமாவோடு வயல் காவல் குடிசையான வாடியில் தங்கினேன். சிறுபோக வெள்ளாண்மை வெட்டுக்கு நின்றது. காவலுக்கு மாமாவிடம் டோர்ச்சும் யானைவெடியும் தகரமும்தான். முன்பு அவரிடம் ஒற்றைக்குழல் 12 போர் சன்னத் துவக்கு இருந்தது, யுத்தம் தொடங்கிய காலத்தில் அது போய்விட்டது, அப்புறம் அவர் வேறு எடுக்கவில்லை. போனில் நான் சுடும் வீடியோவைக் காட்டினேன். இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கைத்துவக்குத் தோட்டா மாதிரிக் கிடக்கே மருமகன்" என்றார். அவ்வளவு சின்னத் திரையில் அதைக் கண்டுபிடித்தாரே என்று இன்னும் வியப்பாக இருக்கிறது.

ஓம், அது கைத்துவக்குத் தோட்டாவேதான். 1873இல் வின்செஸ்டர் தன் லீவர் துவக்கை .44-40 தோட்டாவோடு கொண்டுவந்தது, சில வருடத்தில் கோல்ட் கம்பெனியும் அதே தோட்டாவுக்கு ரிவோல்வர் செய்தது. ஆளரவமற்ற இடத்தில் திரிகிறவனுக்கு இரண்டுக்கும் ஒரே தோட்டா போதும். இதைச் சொன்னதும் மாமா, "லேண்ட்மாஸ்டருக்கும் தண்ணி மெசினுக்கும் ஒரே டீசல் ஊத்துற மாதிரி" என்றார். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

பிரித்தானியாவில் இந்தத் துவக்குக்கு இவ்வளவு மவுசு வந்ததற்குக் காரணம் ஒரு துயரம். 1996இல் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 16 பிள்ளைகளும் ஆசிரியை ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடமே கைத்துவக்குகளைத் தடை செய்தார்கள். கைத்துவக்கில் குறி பழகியவர்களில் நிறையப் பேர் அதே தோட்டா போடும் நீளத் துவக்குக்கு மாறினார்கள், 25 மீற்றர், 50 மீற்றர் போட்டிகள் இன்றும் நடக்கின்றன. அந்தத் தடை சரியென்றே நினைக்கிறேன். துவக்கு ஒரு ஊரை என்ன செய்யும் என்று மட்டக்களப்புப் படுவான்கரையில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. என் அனுமதிப்பத்திரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறது, வீட்டில் இரும்புப் பெட்டியைப் பொலிஸ் வந்து பார்த்த பிறகுதான் பத்திரமே தந்தார்கள்.

சுடுகிற அனுபவத்துக்கு வருகிறேன். .357 போடும் துவக்கில் அதைவிடக் கட்டையான .38 ஸ்பெஷலும் போடலாம், மறுவளமாகப் போடக்கூடாது. .38ஐ நீளக் குழலில் சுடும்போது தோளில் ஒரு மெல்லிய தள்ளுதான், சத்தமும் குறைவு. ஒரு நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் நோகாது. அதே துவக்கில் முழு மக்னம் போட்டால் வேறு கதை. 4 அங்குல ரிவோல்வரில் செக்கனுக்கு 380 மீற்றர் அளவில் போகும் குண்டு, நீளக் குழலில் வெடிமருந்து எரிய இடம் கிடைப்பதால் 540 மீற்றரை எட்டும். ஒன்று கவனிக்க வேண்டும், .38 நிறையச் சுட்டால் தோட்டா நிற்கும் அறைக்குள் கரி வளையமாகப் படியும், துலக்காமல் விட்டால் பிறகு .357 இறுகும்.

குழலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அதனால் மூக்குத் தட்டையான குண்டுதான் போட வேண்டும். கூர்மூக்கு என்றால் உதைப்பில் முன்னால் உள்ள தோட்டாவின் அடியில் இருக்கும், தட்டினால் தீப்பற்றும் கேப்பில் குத்தி உள்ளேயே வெடித்துவிடலாம். புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

முதல் போட்டியில் அவசரத்தில் லீவரை அரைவாசி மட்டும் தள்ளினேன். வெற்றுக் கோது வெளியேறாமல் அடுத்த தோட்டாவோடு சிக்கிக்கொண்டது. கை தூக்கிவிட்டு நின்றேன், பொறுப்பாளர் வந்து பார்க்கும் வரை துவக்கின் வாய் இலக்குப் பக்கமே இருந்தது. அன்றிலிருந்து முழுத் தள்ளு, முழு இழுப்பு.

கடைசியில் மாமா கேட்டது இது: "இங்க பண்டிக்குச் சரிவருமா?"

சரிவராது மாமா என்றேன். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நம் வட்டை, அதாவது வயல்வெளி, தட்டையான நிலம், குண்டைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. 12 போரில் போடும் எஸ்ஜி சன்னம் சில நூறு மீற்றரில் விழுந்துவிடும். இந்த ஒற்றைக் குண்டு தவறினால் ஒரு மைலுக்கு மேலும் போகும், அந்தத் தூரத்துக்குள் எத்தனை வாடி, எத்தனை பேர் நித்திரை! என் கழகத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் மண் அணை இருக்கிறது. அது இல்லாத இடத்தில் இந்தத் துவக்கை நான் தொடமாட்டேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அண்ணன், நீங்கள் எழுதியது நெஞ்சில் பட்டது. வாப்பாவிடம் பயிர்க்காவலுக்கு அனுமதி எடுத்த 12 போர் இருக்கிறது, வருடாவருடம் புதுப்பிக்கிறார். ஒருநாள் இரவு பன்றிக் கூட்டம் வரம்பு தாண்டி வருகுது என்று துவக்கைத் தூக்கியவர் சுடாமல் இறக்கிவிட்டார். ஏன் வாப்பா என்று கேட்டேன். "அங்கால ஒரு பீடி நெருப்புத் தெரியுது மகன்" என்றார். பன்றிகள் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போயின. விடிந்து போய்ப் பார்த்தால் நேர் எதிரே வயல் பார்க்கும் முல்லைக்காரர் ஒருவர் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார். வாப்பா அவரை எழுப்பித் தேத்தண்ணி கொடுத்தார், இரவு நடந்ததைச் சொல்லவே இல்லை.

ஒரு சந்தேகம். லீவரை இழுத்த பிறகு சுடாமல் விடுவதென்றால் என்ன செய்வீர்கள்? வாப்பாவுடையது மடித்துத் தோட்டாவை எடுக்கிற சாதி, அது லேசு.

லண்டனிலிருந்து:

தம்பி, வாப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். சுத்தியலை விரலால் மெதுவாக இறக்கலாம், ஆனால் விரல் வழுக்கினால் வெடிக்கும். அதனால் நான் வாயை மண் அணைப் பக்கம் வைத்து, விசையில் விரல் படாமல், குழாய் காலியாகும் வரை லீவரைத் தள்ளி இழுத்து எல்லாத் தோட்டாவையும் வெளியே எடுப்பேன். பிறகு அறைக்குள் சுண்டுவிரல் விட்டுத் தடவிப் பார்ப்பேன். கண்ணை மட்டும் நம்புவதில்லை.