கைமெரிசத்துக்கு ஒரு தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள்

ராயபுரம் ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ விலங்கியல் குறிப்பேடு வெள்ளிக்கிழமை தங்கசாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். கைமெரிசம், அதாவது வெவ்வேறு கருக்களிலிருந்து வந்த செல்கள் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பது, என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இரண்டு தனி முட்டைகளிலிருந்து உருவாகும் இருகரு இரட்டையருக்கு நஞ்சுக்கொடி தனித்தனி என்றுதான் நடத்துகிறோம். அரிதாக இருவருக்கும் ஒரே கொடி அமைந்துவிடுகிறது. அப்படிப் பிறந்த ஓர் ஆண், ஒரு பெண் குழந்தையைப் பற்றி 2003இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். கொடியில் இரத்தக்குழாய்கள் இணைந்துவிட்டால், ஒருவரின் இரத்தம் உண்டாக்கும் செல்கள் மற்றவரின் எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியேறிவிடும். பெண் குழந்தையின் இரத்தத்தில் ஒய் குரோமோசோம்! 'கலப்புயிர்' என்று போட்டிருந்தேன். "கோவேறு கழுதை மாதிரியா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

தண்டையார்பேட்டை புலவர்:
அம்மா, அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள். கோவேறு கழுதையில் ஒவ்வோர் அணுவிலும் இரண்டு இனமும் உண்டு. இங்கே அணுக்கள் ஒன்றாகவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நன்னூலில் இதற்கு இடம் இருக்கிறது: மெய்ம்மயக்கம், அதாவது மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து சேர்ந்து நிற்பது. 'வெட்கம்' என்பதில் டகரமும் ககரமும் ஒட்டி நின்றாலும் தத்தம் உருவை இழப்பதில்லை. வேறு வேறு மெய்கள் என்பதால் வேற்றுநிலை மயக்கம். மெய் என்றால் உடம்பும்தானே! ஒரே கருவின் அணுக்களுக்குள் பின்னால் வேறுபாடு வருவதை மொசைக் என்கிறீர்களே, அதற்கு, ஒரே மெய் இரட்டித்து நிற்கும் 'உடனிலை மயக்கம்'. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கைமெரா சிங்கமும் ஆடும் பாம்பும் சேர்ந்த கிரேக்க விலங்கு என்பதால் 'யாளியம்' என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். யாளி பார்த்தாலே தெரியும், இது தெரியாது.

வண்ணாரப்பேட்டை மருத்துவர்:
ஐயா சொல்வது அழகு. ஆனால் என் கிளினிக்கில் மயக்கம் என்றால் பிரஷர்தான் பார்ப்போம். யாளி விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 1953இல் இங்கிலாந்தில் இரத்ததானம் செய்ய வந்த பெண்ணுக்கு ஓ, ஏ இரண்டு வகையும் கலந்திருந்தன. கூடப் பிறந்த இரட்டைத் தம்பியோ அண்ணனோ மூன்று மாதக் குழந்தையாக இறந்தது விசாரித்த பிறகுதான் தெரிந்தது. மாடுகளில் இது சாதாரணம். காளையோடு பிறந்த கிடேரி பெரும்பாலும் சினை பிடிக்காததற்கு இப்படிக் கொடி இணைவதே காரணம். இரட்டைக் கன்றுகளின் இரத்தக் கலப்பை அமெரிக்க மரபியலாளர் ரே ஓவன் 1945இல் காட்டினார். மனிதரில் பெண் குழந்தைக்குப் பொதுவாக அந்தக் கதி இல்லை. இதைக் குறிப்பேட்டில் அவசியம் எழுதுங்கள், பிள்ளைகள் பயந்துவிடப் போகிறார்கள். சொல்லுக்கு, 'உயிரணு விரவல்' சரிப்படுமா?

ராயபுரம் ஆசிரியை:
உயிரணு என்றால் கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பும் டாக்டர். வாரப் பத்திரிகை கேள்வி-பதில் செய்த வேலை. 'இருகரு'வைச் சேர்க்கலாமென்றால் எல்லா இருகரு இரட்டையருக்கும் இப்படி என்று எழுதிவைப்பார்கள். விரவல் பிடித்திருக்கிறது. பாடநூலில் செல் என்றே இருப்பதால் 'செல் விரவல்'. முதல் இடத்தில் மட்டும் கைமெரிசம் என்றும் போடுகிறேன். தனியாக எழுதியவர்களில் ஐந்து பேர் சரி என்றார்கள், அதில் இரண்டு பேர் ஆளை விட்டால் போதும் என்று.

தண்டையார்பேட்டை புலவர்:
செல் என்றால் கறையான், அம்மா. செல்லரித்த ஏடு என்கிறோமே. எலும்புக்குள் கறையான் விரவியது என்றா அச்சிடப் போகிறீர்கள்? என் வாக்கு வேற்றுநிலை மயக்கத்துக்கே. மெய்ப்புத் திருத்த ஆள் வேண்டுமென்றால் வியாழன் மாலை வீட்டில்தான் இருப்பேன்.